உள்ளே விட்ட துணி

எடை மிஷினின் முள் அசையவே இல்லை.

தையல்கடை மாஸ்டர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மிஷினின் ஓரத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டும் பார்த்தார். மிஷின் மேல் ஏறியிருந்த மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவுங்க?"

"அது வந்து... மிஷின் பழசும்மா."

"போன மாசந்தானே வாங்கினோம்?"

"வாங்கும்போதே பழசு."

அவள் இறங்கி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "இத்தனை நாள் குதிச்சும் ஒரு குந்துமணி குறையலை. எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுங்க. விட்டுடலாமா?"

விட்டுடலாமா என்ற சொல் காதில் விழுந்ததும் மாஸ்டர் பதறிப்போனார். விட்டுவிட்டால் மாத்திரை. டாக்டர் கறாராகச் சொல்லியிருக்கிறார்: சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மூன்று மாதம் தருகிறேன், இடுப்பைச் சுற்றியிருக்கிற கொழுப்பைக் கரைத்துக்கொண்டு வந்தால் மாத்திரை வேண்டாம், இல்லையென்றால் ஆயுசுக்கும் மாத்திரைதான். இதை டாக்டர் சொன்னபோது மாஸ்டர் அறையில் இல்லை. கோட்டுக்கு எத்தனை பித்தான் என்று போனில் சண்டை பிடித்த ஒரு வாடிக்கையாளரோடு வாசலில் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்துதான் ரத்தம் கொடுத்திருந்தார்கள். மனைவி மட்டும் உள்ளே போய் முடிவைக் கேட்டுக்கொண்டு, முகம் வாடி வெளியே வந்தாள்.

"யாருக்கு?" என்று அன்றைக்கு மாஸ்டர் நடுங்கிக்கொண்டே கேட்டார்.

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "எனக்குத்தாங்க. நீங்க கல்லு மாதிரி இருக்கீங்களாம்."

அவர் அப்படி நடுங்கியதற்குக் காரணம் உண்டு. மாஸ்டருக்கும் வியாதிக்கும் ஆகவே ஆகாது. முன்பொரு முறை ரத்த அழுத்தம் லேசாக ஏறியிருக்கிறது என்று யாரோ சொல்லப்போக, மனிதர் கட்டிலில் மல்லாந்து படுத்து, எந்தத் தையல் மிஷின் யாருக்கு என்று பாகம் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். இன்னொரு முறை காய்ச்சலில் இடுப்பு இளைத்து பேண்ட் தளர்ந்ததும், "நான் கரையறேன், நான் கரையறேன்" என்று அழுது, கிடைத்ததையெல்லாம் தின்று பத்தே நாளில் அந்த இடுப்பை நிரப்பிவிட்டுத்தான் ஓய்ந்தார். அப்படிப்பட்ட மனிதர், மனைவிக்குச் சர்க்கரை என்றதும் படுக்கவில்லை. வேட்டைக்குப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். "நான் இருக்கேன்ல! ரெண்டு பேரும் சேர்ந்தே குதிப்போம்!" என்றார். வாய் சும்மா இருந்ததா?

கொழுப்பைக் கரைக்க டாக்டர் ஒரு பயிற்சி சொல்லி, அதற்கு நீளமாக ஒரு பெயரும் சொன்னாராம். வீட்டில் அதற்குப் பேய்க்குதி என்று பெயராகிவிட்டது. கொஞ்ச நேரம் பேய் பிடித்த மாதிரி குதிக்க வேண்டும், ஓட வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும். உயிர் போகிற நேரம் பார்த்து போன் கீக் என்று கத்தும். அப்போது நின்று மூச்சு வாங்கலாம். போன உயிர் திரும்பி வந்து சேர்வதற்குள் மறுபடியும் கீக். மெதுவாக ஆரம்பித்து வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. அரை மணி நேரம் ஆடி அசைந்து நடப்பதைவிட இது கொழுப்பைச் சுருக்காகக் கரைக்குமாம்.

கடை கீழே, வீடு மேலே. முதல் நாள் குதித்த குதியில் கீழே அலமாரியிலிருந்த நூல்கண்டுகளெல்லாம் உருண்டு நடுக்கடைக்கு வந்துவிட்டன. அதனால் குதியைக் கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்துக்கு மாற்றினார்கள். அங்கே தினமும் காலையில் மாஸ்டர் நாக்குத் தள்ளி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மனைவி கொண்டையைச் சரிசெய்தபடி, "இன்னொரு சுத்துங்க, எனக்காக" என்பாள். அவளுக்கு மூச்சே வாங்காது. சிலருக்கு உடம்பு வாகு அப்படி என்று நினைத்துக்கொள்வார். சாப்பாட்டிலும் அவளுக்காக அவரும் எண்ணெயைக் குறைத்தார், இனிப்பை விட்டார், சோறு பாதி காய்கறி பாதி என்று ஆக்கிக்கொண்டார். இவ்வளவும் செய்து முள் அசையவில்லை என்றால் மனுஷிக்கு வெறுத்துப்போகாதா?

"விடறதாவது! எடையில என்ன இருக்கு? நம்ம தொழில்ல எடையா பார்க்கிறோம்? இஞ்சுதான் கணக்கு. உன் சட்டை தளருதா பாரு, அதான் அத்தாட்சி" என்றார் மாஸ்டர்.

சொல்லிவிட்டுத்தான் யோசித்தார். சட்டை தளரவில்லையே. அது நேற்றும் சிக்கென்று இருந்தது, இன்றும் சிக்கென்று இருந்தது.

ஆனால் அவர் யார்? தையல்காரர். நல்ல தையல்காரர் எந்தச் சட்டையைத் தைத்தாலும் பக்கத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பார். ஆள் பெருத்தால் பிரித்து விடலாம், இளைத்தால் பிடித்துக் கொடுக்கலாம். அன்று மத்தியானம் மனைவி பித்தான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய பச்சைச் சட்டையை எடுத்து, இரண்டு பக்கமும் பிரித்து, அரை இஞ்சு அரை இஞ்சு விட்டுத் தைத்தார். பழைய ஊசித்தடம் தெரியாமல் அயர்ன் போட்டு, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். திருடனுக்குக்கூட அவ்வளவு நேர்த்தி வராது.

மறுநாள் அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பக்கவாட்டில் துணியைப் பிடித்து இழுத்தாள். தையலை விரலால் ஒரு முறை நீவினாள். பிறகு சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

"அட, எதுக்கும்மா அழறே?"

"சந்தோஷங்க," என்றாள் திரும்பாமலே. "தளர்ந்திருக்கே! நீங்க சொன்னது நிஜந்தாங்க."

மாஸ்டருக்கு மனசு நிறைந்துபோயிற்று. அது ஒரு நிமிஷந்தான்.

"இப்படிப் பலன் தெரியும்போது சும்மா விடலாமா? நாளையிலேர்ந்து ரெண்டு சுத்து கூட்டிக்கலாம்!"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது இப்படித்தான்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு சட்டை. நீலம், மஞ்சள், புள்ளி போட்டது. ஒவ்வொன்றையும் பிரித்து விடுவார், ஒவ்வொரு முறையும் இரண்டு சுற்று கூடும். உள்ளே விட்ட துணி தீர்ந்துபோனதும் மாஸ்டர் கையைப் பிசைந்தார். அந்த நேரம் பார்த்து மனைவி கைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"சட்டையை விடுங்க. உங்க கையால என் இடுப்பை அளந்து சொல்லுங்க. உங்க டேப் பொய் சொல்லாதில்ல?"

மாஸ்டருக்கு வியர்த்தது. கழுத்தில் கிடந்த புது டேப் பொய் சொல்லாது. ஆனால் பழைய டேப் ஒன்று ஆணியில் தொங்கியது. பல வருஷம் இழுத்து இழுத்து அளந்ததில் அது நைந்து நீண்டுபோயிருந்தது. அதன் இஞ்சு மற்ற இஞ்சைவிடப் பெரிசு. அதனால் எதை அளந்தாலும் குறைத்துத்தான் காட்டும். 'இதை எடுத்துவிடாதே' என்று தனக்குத்தானே சொல்லி ஓரமாய் மாட்டியிருந்த டேப் அது. ஆண்டவன் எதையும் காரணமில்லாமல் ஆணியில் மாட்டுவதில்லை என்று நினைத்தபடி அதை எடுத்தார்.

"ஒண்ணரை இஞ்சு குறைஞ்சிருக்கு!"

"நிஜமாவா!" என்று அவள் கைதட்டினாள். "நீங்களும் ஒரு தடவை அளந்து பாருங்களேன்."

"எனக்கெதுக்கு?" மாஸ்டர் பேண்ட்டின் இடுப்பில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை. "நாலு வருஷத்துக்கு முந்தி தச்ச பேண்ட். அன்னைக்கு எப்படி நின்னுதோ இன்னைக்கும் அப்படியே நிக்குது. எத்தனை குதிச்சாலும் என் உடம்பு அசையாது. நான் கல்லு!"

"கல்லேதான்" என்றாள் மனைவி, அன்று அயர்ன் செய்து வைத்த அவருடைய இன்னொரு பேண்ட்டை அலமாரியில் அடுக்கிக்கொண்டே.

அப்போது கீழே யாரோ கூப்பிட்டார்கள். மாஸ்டர் அவசரமாக ஓடினார். கழுத்தில் தொங்கியது பழைய டேப். புது டேப் மாடியில் நாற்காலி முதுகில் சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தது.

வந்தவர் வங்கி மேலாளர். கோட்டுக்கு அளவு கொடுத்தார். அடுத்து, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. அவர் ஒரு ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தார். அப்புறம் முடிதிருத்துகிறவர், பல் டாக்டர், இன்னும் இரண்டொருவர். பழைய டேப்பால் ஆளை அளந்தார். துணி வெட்டும்போது மட்டும் மேஜை ஓரத்தில் அடித்திருந்த பித்தளைப் பட்டையின் இஞ்சைப் பார்த்து வெட்டினார், எப்போதும்போல.

ஒரு வாரம் கழித்து வங்கி மேலாளர் கோட்டைப் போட்டுப் பார்த்தார். பித்தானும் காஜா ஓட்டையும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்தனவே தவிர, சேரவில்லை.

"மாஸ்டர், என்ன இது?"

மாஸ்டர் டேப்பைப் பார்த்தார். பித்தளைப் பட்டையின் மேல் அதை வைத்துப் பார்த்தார். பழைய டேப்! டேப் மாறிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அடுத்த மேஜையில் மனைவி காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். எந்த டேப் எதனுடன் மாறியது என்று அவள் கேட்க மாட்டாளா? ஒன்றரை இஞ்சு சந்தோஷம் அங்கேயே உடைந்துபோகாதா?

"சார், தப்பா நினைக்காதீங்க," என்றார் குரலைத் தாழ்த்தி. "கொஞ்சம் உடம்பு போட்டுட்டீங்க."

"ஒரு வாரத்துலயா?"

"சில பேருக்கு அப்படித்தான். சொல்லிக்காம வரும்."

மேலாளர் கண்ணாடியில் தன்னையே பார்த்து முகம் வெளுத்தார். மனைவி ஊசியை நிறுத்திவிட்டு இரக்கத்தோடு சொன்னாள்: "கவலைப்படாதீங்க சார். காலையில பின்னாடி முற்றத்துக்கு வாங்க. நாங்க குதிக்கறோம். இவர் எனக்கு ஒண்ணரை இஞ்சு குறைச்சுக் காட்டியிருக்கார்."

டீச்சரம்மாவின் ஜாக்கெட்டும் இறுக்கிப் பிடித்தது. பல் டாக்டரின் பேண்ட் தொடையைத் தாண்டவில்லை. ஒருவரிடம் சொன்ன பொய்யை மற்றவரிடம் மாற்றிச் சொல்ல முடியுமா? எல்லோரிடமும் அதையே சொன்னார். ஊரில் திடீரென்று எல்லோரும் பெருத்துவிட்டார்கள் என்ற சேதி பரவி, உடம்பு போடாதவர்களும் பயந்துபோய் வர ஆரம்பித்தார்கள்.

முற்றம் நிரம்பிவிட்டது. வழிநடத்த ஆள் வேண்டுமே!

"நீங்கதான் முன்னாடி நின்னு குதிக்கணும்," என்றாள் மனைவி. "நாலு பேர் பார்க்கிறாங்க, பாதியில நிக்காதீங்க."

ஆப்பசைத்த குரங்கின் நிலைமைதான். காலையில் கூட்டத்துக்கு முன்னால் நின்று குதித்தார். பகலில், அளவு தப்பிய உடுப்புகளையெல்லாம் காசு வாங்காமல் பிரித்து விட்டார். நடுவில் மனைவி மாடிக்குப் போகிற சத்தம் கேட்டால், அவள் புது டேப்பால் தன்னைத்தானே அளந்துவிடக் கூடாதே என்று படிகளில் அவளை முந்திக்கொண்டு ஓடி டேப்பை ஒளித்தார். ஓட்டம், நிற்றல், மூச்சு, மறுபடியும் ஓட்டம். பேய்க்குதி காலையில் மட்டும் என்பது போய், நாள் முழுக்க ஆகிவிட்டது.

இதற்குள் வங்கி மேலாளருக்கு நிஜமாகவே தொப்பை கரைந்தது. பிரித்து விட்ட கோட்டு இப்போது தொளதொளவென்று தொங்க, சந்தோஷமாக வந்து, "பிடிச்சுக் குடுங்க மாஸ்டர்!" என்றார். டீச்சரம்மாவும் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். பல் டாக்டரும். பிரித்ததையெல்லாம் மறுபடியும் பிடித்தார். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

மாஸ்டர் குனிந்து தைத்துக்கொண்டிருந்தபோது மேலாளர் சிரித்தார். "மாஸ்டர், உங்க பேண்ட்ல இந்தப் பின் பாக்கெட் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ரகசியம் பேசுற மாதிரி நெருங்கி இருக்கே, புது மாடலா?"

"நான் தச்சா மாடல்தான் சார்" என்றார் மாஸ்டர் நிமிராமல். ஊரார் முதுகையெல்லாம் பார்த்துத் தைக்கிறவர்தான். ஆனால் தன் முதுகு தனக்குத் தெரியாது அல்லவா?

சமீபகாலமாக ஒரு பாக்கெட்டில் பர்ஸை வைத்தால் மறு பாக்கெட்டிலிருந்த சாக்கட்டியோடு இடித்தது. அதை யோசிக்க அவருக்கு நேரம் எங்கே இருந்தது!

மூன்று மாதம் முடிந்தது. மறுபடியும் ரத்தம் கொடுக்கப் போனார்கள். "எனக்கு ஊசின்னா பயம். முதல்ல நீங்க கையை நீட்டுங்க, அதைப் பார்த்துட்டு நான் குடுக்கறேன்" என்றாள் மனைவி. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். அவர் கண்ணைத் திறந்தபோது அவள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

முடிவு தெரிகிற நாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். முற்றத்துக் கூட்டம் வழியனுப்பிவைத்திருந்தது. "அக்கா ஜெயிச்சுட்டு வாங்க!" என்று டீச்சரம்மா கத்தியது இன்னும் மாஸ்டரின் காதில் இருந்தது. ஜெயிப்பதாவது! ஆஸ்பத்திரி டேப் நைந்த டேப்பா? இன்னும் கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கூப்பிடுவாள், அளப்பாள், ஒரு நூல்கூடக் குறையவில்லை என்பாள். இவள் அத்தனை பேர் முன்னாலும் எப்படித் தலைநிமிர்ந்து போவாள்? நான்தானே இந்த நெஞ்சை உடைக்கப் போகிறேன் என்று நினைக்க நினைக்க அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"இந்தாம்மா," என்றார். "நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். உன் சட்டை தானா தளரலை. நான்தான் பிரிச்சு விட்டேன். டேப்பும் பழசு. உன் இடுப்பு அப்படியேதான் இருக்கு. நீ மனசு விட்டுடக் கூடாதேன்னு..."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்க தையல் எனக்குத் தெரியாதா? முதல் சட்டையிலேயே தெரியும். சிரிப்பை அடக்க முடியாமத்தான் சுவர் பக்கம் திரும்பினேன்."

மாஸ்டர் வாயைப் பிளந்தார். "அப்புறம் எதுக்கு இத்தனை குதி? எதுக்கு மேல மேல சுத்து?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. நர்ஸ் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள்.

"நல்ல சேதிம்மா! சர்க்கரை நல்லா இறங்கிடுச்சு. மாத்திரையே வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். இப்படியே விடாம குதிச்சா போதுமாம்."

மாஸ்டர் ஒரு கணம் சிலையானார். மறுகணம் பேய்க்குதியையெல்லாம் தோற்கடிக்கிற குதி ஒன்று குதித்து, "இடுப்பு கிடக்குது இடுப்பு! உள்ளே கரைஞ்சிருக்கு பாரும்மா!" என்று கூவி, மனைவியை அப்படியே அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். மூன்று மாதத்துக்கு முன்னால் மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்துவிடுகிற ஆள் அவர். இப்போது மூச்சுகூட வாங்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். "இறக்குங்க, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று மனைவி வெட்கத்தில் சிவந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

நர்ஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மாஸ்டரை முன்னும் பின்னும் ஒரு முறை பார்த்தாள்.

"அந்தம்மாவை இறக்கிவிட்டு நீங்க உள்ள வாங்க சார், அவங்களுக்கு என்னைக்குச் சர்க்கரை இருந்துச்சு? இறங்கினது உங்களோடது! 'சொன்னா மனுஷன் படுத்துடுவார், இளைச்சது தெரிஞ்சாலும் படுத்துடுவார்னு வாரா வாரம் அவர் பேண்ட்டைப் பிடிச்சுக்கிட்டே வரேன், இனிமே பிடிச்சா பின் பாக்கெட் ரெண்டும் ஒண்ணாயிடும்'னு போன வாரங்கூட உங்க வீட்டம்மா எனக்குப் போன் பண்ணிப் புலம்பினாங்களே!"